வீடு தேடிச் சென்று தாய்ப்பாலூட்டலுக்குத் துணை நிற்பது: சேலம், ஏற்காடு தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாட்களிலும், அறுவைச் சிகிச்சையானால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ளும் தாய் வீடு திரும்பிவிடுகிறார். மார்பு கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பது, குழந்தை இரவெல்லாம் அழுவது, "பால் பத்தலை" என்ற பேச்சு வீட்டில் எழுவது ஆகிய தொல்லைகளில் பெரும்பாலானவை அதன் பிறகே தலைகாட்டுகின்றன. அப்போது செவிலியர் அருகில் இல்லை; பக்கத்து வீட்டாரும், மருந்துக்கடையில் இருக்கும் பால்பவுடர் டப்பாவும்தான் அருகில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் உள்ளே நுழையக்கூடிய பெண்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், மலைக்கிராமங்களின் ஆஷா பணியாளர், செவிலியர் பயிற்சி மாணவி என எவரும் இதைப் பயன்படுத்தலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை எளியது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் நிறையும்வரை தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் முதல் ஒரு மணி நேரத்தில் பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடு, ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களில் தாய்ப்பால் மட்டும் பெற்றவர்கள் 63.7 விழுக்காடு. இந்தப் பரிந்துரையைக் கேள்விப்படாத தாயைச் சேலத்தில் காண்பது கடினம். தெரிந்தும் நடக்காமல் போவதற்குக் காரணம் அறியாமை என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குள் நுழைபவர் எதையும் மாற்றப் போவதில்லை. வலி, அச்சம், வேலை, வீட்டுப் பெரியவர்களின் சொல் ஆகிய நான்கும்தான் இடையில் நிற்பவை.

வீட்டுக்குச் செல்வதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு விடை இருக்கிறது. மெக்சிகோ நகரின் விளிம்பில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், ஆறு முறை வீட்டுக்குச் சென்று பார்க்கப்பட்ட தாய்மார்களில் 67 விழுக்காட்டினரும், மூன்று முறை பார்க்கப்பட்டவர்களில் 50 விழுக்காட்டினரும், யாரும் சென்று பார்க்காதவர்களில் 12 விழுக்காட்டினரும் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தனர். டாக்காவில் 2000-இல் வெளியான ஆய்வில் ஐந்தாம் மாதக் கணக்கு, வீட்டுக்குச் சென்று பார்க்கப்பட்டவர்களில் 70 விழுக்காடு, மற்றவர்களில் 6 விழுக்காடு. அங்கே சென்றவர்கள் படித்த மருத்துவர்கள் அல்லர், அதே பகுதிப் பெண்கள். ஹரியானாவில் 2003-இல் மூன்றாம் மாதக் கணக்கு, ஆலோசனை பெற்ற ஊர்களில் 79 விழுக்காடு, மற்ற ஊர்களில் 48 விழுக்காடு. எத்தனை முறை போகிறோம் என்பது எவ்வளவு பேசுகிறோம் என்பதைவிட முக்கியம் என்றே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: செல்பவரைத் தேர்ந்தெடுத்தல்

2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் நம் தெருக்களுக்குப் பழகியவராகிவிட்டார். அதே பழக்கத்தின்மீது இந்தப் பணியையும் கட்டலாம். தேர்ந்தெடுக்கப்படும் பெண், தானே பாலூட்டி வளர்த்தவராக, முடிந்தால் ஒரு முறையாவது சிக்கலைச் சந்தித்து மீண்டவராக இருப்பது நல்லது. சேலம் நகரின் அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. வலியைப் பற்றி ஒரு பெண் தன் வீட்டுமொழியில்தான் முழுமையாகச் சொல்வாள். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு அந்தந்த ஊர்ப் பெண்ணே போக வேண்டும். கீழிருந்து பேருந்தில் ஏறி வருபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் இரண்டாம் வாரம் வரமாட்டார்.

பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் வகுத்த 40 மணி நேர ஆலோசனைப் பாடத்திட்டம் அடிப்படையாகும். அதை முழுவதும் நடத்த முடியாவிட்டாலும், குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைப் பார்த்தறிவதும், கையால் பால் எடுக்கச் சொல்லித் தருவதும் நேரடிப் பயிற்சியாகவே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் படத்தைப் பார்த்து மட்டும் கற்க இயலாது.

படி 2: வீடுகளின் பட்டியலும் தாய்வீட்டுச் சிக்கலும்

கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் கர்ப்பிணிகளின் பதிவு இருக்கும். அவர்களுடைய அனுமதியுடன் ஏழாம் மாதத்தைத் தாண்டியவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இந்தப் பட்டியல் எளிதில் பொய்த்துவிடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கமாதலால், வளைகாப்பு முடிந்ததும் குகைப் பகுதியில் இருந்த பெண் ஆத்தூருக்கோ ஓமலூருக்கோ போய்விடுகிறார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் கணவர் வீட்டுக்குத் திரும்புகிறார். அதாவது, தாய்வீட்டில் செவிலியர் சொல்லித் தந்ததெல்லாம் அங்கேயே நின்றுவிட, புதிய வீட்டில் மாமியாரின் முதல் கேள்வி "இன்னும் வெறும் பால்தானா?" என்பதாக இருக்கிறது. ஆறு மாதத் தாய்ப்பால் அறுபடும் இடங்களில் இது முதன்மையானது என்பது என் கணிப்பு. ஆகவே, பெண் எங்கே போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். போகும் ஊரின் செவிலியருக்குத் தகவல் சொல்லுங்கள். திரும்பிய வாரத்திலேயே ஒரு முறை செல்லுங்கள். பழைய பட்டியலில் "வீட்டில் இல்லை" என்று எழுதிவிட்டு நகர்வது பணியாகாது.

படி 3: பிரசவத்துக்கு முன் ஒரு சந்திப்பு

எட்டாம் மாதத்தில் செல்லும்போது பாடம் நடத்த வேண்டாம். முந்தைய குழந்தைக்கு எவ்வளவு நாள் பால் கொடுத்தார், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். அந்த விடையில்தான் இம்முறை வரப்போகும் தடையும் இருக்கும். பிரசவ நேரத்தில் உடன் இருக்கப் போகும் பெரியவரையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஏனென்றால் முதல் நாளில் குழந்தையின் வாயில் எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்கிறார்.

சேனை வைப்பதாகச் சொல்லி நாவில் தடவும் சர்க்கரைத் தண்ணீரும் தேனும், தெருவில் கழுதையை ஓட்டி வருபவரிடம் வாங்கிச் சங்கில் ஊற்றும் கழுதைப்பாலும், உரைத்துக் கொடுக்கும் வசம்பும் இங்கே இன்னும் வழக்கில் உள்ளன. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சூட்டம் வரலாம் என்பதையும், காய்ச்சாத பாலில் கிருமி இருக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். தாத்தாவோ அத்தையோ தன் குணம் குழந்தைக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், பிள்ளையை மடியில் வைத்துப் பெயர் சொல்லி வாழ்த்தும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். சடங்கின் மரியாதை கெடாமல் தேனை மட்டும் விலக்குவதே இங்கே நம் வேலை.

சீம்பால் குறைவாக, மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் என்பதையும் முன்பே காட்டிக்கொடுங்கள். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே கொள்ளும்; அதற்கு அந்தச் சில சொட்டுகள் போதும். தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடந்ததாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எனவே, மயக்க மருந்து கொடுத்தாலும் தாய் விழித்திருக்கும்போது குழந்தையை மார்பில் சேர்க்க முடியும் என்றும், செவிலியரிடம் அதைக் கேட்க வேண்டும் என்றும் உடன் இருப்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

படி 4: வீடு திரும்பிய முதல் வாரம்

உங்களால் இரண்டே முறைதான் ஒரு வீட்டுக்குப் போக முடியும் என்றால், இரண்டையும் இந்த வாரத்திலேயே செலவிடுங்கள். மருத்துவமனைப் பிரசவமானால் அரசின் பச்சிளங் குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின்படி 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். உங்கள் வருகை அவற்றுக்கு இடைப்பட்ட நாட்களில் அமைந்தால் தாய்க்கு நீண்ட தனிமை இராது.

போனதும் எதையும் சொல்லாதீர்கள். கையைக் கழுவி, ஓரமாக உட்கார்ந்து, குழந்தை ஒரு முறை பால் குடித்து முடிக்கும்வரை பாருங்கள். ஒரே அறை வீட்டில் ஆண்களை வெளியே அனுப்புவது சிறிது சங்கடமான வேலைதான். வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னால் அவர் எளிதாக முடித்துவிடுவார்.

குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, உடல் முழுதும் தாயை நோக்கித் திரும்பி ஒட்டியிருக்கிறதா, தலை மட்டுமன்றி உடம்பும் தாங்கப்படுகிறதா என்று பாருங்கள். அடுத்துப் பற்றுதல்: வாய் அகலத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பைத் தொட வேண்டும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். கன்னம் குழிந்து, "டக் டக்" என்று நாக்குச் சத்தம் கேட்டால் அது காம்பை மட்டும் சப்புகிறது. பால் இறங்கும்போது நீண்டு மெதுவாகச் சப்பி, இடையிடையே விழுங்கும் ஓசை கேட்கும்.

சரியில்லை என்றால் இழுத்துப் பிடுங்கக் கூடாது. சுத்தமான சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்துப் பிடியைத் தளர்த்தி, குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக வருமாறு வைத்து, மேலுதட்டில் காம்பால் மெல்ல வருடி, வாய் பெரிதாகத் திறந்த கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாய் குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோனால் முதுகுவலிதான் மிஞ்சும். உங்கள் கை தாயின் மார்பில் படாமல் இருப்பதே நல்லது. ஒரு துணிப் பொம்மையை வைத்துக் காட்டுங்கள், செய்வது அவராக இருக்கட்டும். அறுவைச் சிகிச்சைத் தையல் உள்ளவர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டோ, குழந்தையின் காலை அக்குளுக்கு அடியில் பின்னோக்கி வைத்துக்கொண்டோ ஊட்டலாம்.

காம்புப் புண்ணுக்கு முதல் மருந்து பற்றுதலைத் திருத்துவதே. ஊட்டி முடித்தபின் சில சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலரவிடலாம். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டால், கருவட்டம் இளகும் அளவுக்குக் கையால் சிறிது பாலை எடுத்துவிட்டுக் குழந்தையைச் சேர்க்கலாம். ஊட்டிய பின் குளிர்ந்த ஈரத்துணி இதம் தரும். ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும், ஆனால் பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது. பச்சிளங் குழந்தையின் மார்பு சிறிது வீங்கியிருந்தால் அதைப் பிழிந்துவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது சீழ்க்கட்டியில் முடியலாம் என்பதால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலும், வலிப்பு வந்தாலும், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால்வரை பரவினாலும் ஆலோசனை எதுவும் வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.

படி 5: "பால் பத்தலை"

பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்தச் சொல்லின் வழியாகத்தான். "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுத்துப் பேசினால் தாய் வாயை மூடிக்கொள்வார், டப்பா மறுநாள் வந்துவிடும். எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். அழுகை, அடிக்கடி குடிப்பது, மார்பு முன்போல் கனக்காமல் இருப்பது, பிழிந்து பார்த்தால் கொஞ்சமாக வருவது ஆகியவையே வழக்கமான விடைகள். இவற்றில் எதுவும் பால் குறைந்ததற்குச் சான்றாகாது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. மாலையில் விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருப்பதும், ஆறாவது வாரத்தையொட்டித் திடீரெனப் பசி கூடுவதும் இயல்பு.

உண்மையான சான்று கொடியில் தொங்குகிறது. ஆறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணிகளாவது நனைய வேண்டும், கருமலம் மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்தபின் சிறிது குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த அளவை மீண்டும் எட்ட வேண்டும். பிறகு முதல் மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம்வரை கூட வேண்டும். தாயையே துணியை எண்ணச் சொல்லுங்கள். ஏழு ஈரத்துணியைத் தன் கையால் பிழிந்து காயப்போட்ட தாயிடம் பால் போதாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி நிற்காது. எண்ணிக்கை குறைந்தாலோ எடை ஏறாவிட்டாலோ நீங்களே முடிவெடுக்காமல், பற்றுதலைத் திருத்தி, ஊட்டும் முறைகளைக் கூட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உண்மையிலேயே பால் போதாத தாயும் உண்டு. அவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

பால்சுறாக் கருவாடு, பூண்டு, முருங்கைக்கீரை, வெந்தயம் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. பால் சுரப்பது குழந்தை சப்பிக் காலி செய்வதால்தான் என்றாலும், தாய்க்கு நல்ல உணவு கிடைக்கும் வழி எதுவானாலும் அதை அடைக்கக் கூடாது. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று தாகத்தை அடக்கச் செய்வதை மட்டும் மாற்ற முயலுங்கள். சித்திரை வெயிலில் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாமா என்ற கேள்வியும் வரும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீரே. தாய் குடிக்கட்டும், குழந்தைக்கு அது பாலாக வரும்.

பால்பவுடர் நிறுவனங்கள் இலவச மாதிரி கொடுப்பதும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் உணவை விளம்பரம் செய்வதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதன் 2003 திருத்தத்தாலும் தடை செய்யப்பட்டவை. வருமானம் குறைந்த வீட்டில் டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று ஒரு கரண்டிப் பவுடரில் இரண்டு மடங்கு தண்ணீர் கலப்பார்கள். குழந்தை மெலியத் தொடங்குவது அங்கேதான்.

படி 6: பெரியவர்களோடு பேசுதல்

மாமியாரை எதிரியாக வைத்து இந்தப் பணியைச் செய்ய முடியாது. "எங்க காலத்துல மூணாம் மாசமே மாட்டுப்பால் குடுத்தோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று அவர் கேட்டால், "அம்மா, நீங்க எத்தனை பிள்ளைக்குப் பால் குடுத்தீங்க? ராத்திரில யாரு எடுத்துக் குடுத்தாங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அவருடைய அனுபவத்திலிருந்து ஒரு நல்ல செயலைப் பிடித்து, அதை மருமகளுக்குச் செய்யும்படி வேண்டுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, தாய்க்கு இரவில் கஞ்சி வைப்பது என்று ஒரு வேலை அவர் கைக்கு வந்துவிட்டால் அவரும் உங்கள் பக்கம்தான். கணவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: பால் டப்பா வாங்கி வருவதற்கு முன் உங்களுக்கு ஒரு அழைப்பு.

பெண் குழந்தை, அதிலும் இரண்டாவது பெண் பிறந்த வீட்டுக்குக் கூடுதலாக ஒரு முறை செல்லுங்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது என்பதை இங்கே பணிபுரிபவர் மறக்கக் கூடாது. இன்று அந்த வெறுப்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை. தாயின் தட்டில் குறையும் சோற்றில் தெரியலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தாய் உறக்கமின்றி, எதிலும் பற்றின்றி, அழுதபடியே இருந்தால் அது மருத்துவரிடம் சேர்க்க வேண்டிய செய்தி.

படி 7: வேலைக்குத் திரும்பும்போது

2017-இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட பேறுகால விடுப்பு தறிக்காரருக்கும் கொலுசுப் பட்டறைப் பெண்ணுக்கும் காப்பித் தோட்டத்து நாள்கூலிக்கும் நடைமுறையில் எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் கிடைக்கும் உதவி தவணை தவறாமல் வருகிறதா என்று பார்த்துக் கொடுப்பதும் தாய்ப்பால் பணியே. சில வாரங்கள் தள்ளி வேலைக்குப் போக அது உதவும்.

வேலையின் இயல்பைப் பொறுத்து வழி மாறும். விசைத்தறி ஓடும் வீட்டில் குழந்தையின் அழுகை கேட்காது. அழுகை பசியின் கடைசி அடையாளம். தலையைத் திருப்பித் தேடுவதும், வாயைத் திறப்பதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் அதற்கு முன்னால் வருபவை. எனவே தொட்டில், தறியில் நிற்பவரின் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும், ஆனால் பஞ்சுத் தூசிக்கு அப்பால். குழித்தறியில் இறங்கி உட்கார்பவர் இறங்குவதற்கு முன்பும் ஏறியவுடனும் ஊட்டுவது என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பிசகாது. வீட்டிலேயே வெள்ளி வேலை செய்பவர் அமிலப் புகை வராத அறையில் குழந்தையை வைத்து, சோப்புப் போட்டுக் கைகழுவி, மேல்துணி மாற்றிய பிறகு ஊட்ட வேண்டும்.

ஏற்காட்டில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். காலையில் போனால் மாலையில்தான் திரும்ப முடியும். அத்தகையவருக்குக் கையால் பால் எடுக்கும் முறையை வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பழக்குங்கள். கொதிக்கவைத்த கிண்ணத்தை எடுத்து, கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல்புறமும் சுட்டுவிரலைக் கீழ்புறமும் வைத்து, மார்புக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. ஒரு பக்கம் சில நிமிடம், மறுபக்கம் சில நிமிடம் என்று மாற்றி மாற்றி இருபது முப்பது நிமிடம் ஆகும். எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் கெடாமல் இருக்கும். மலைக் குளிரில் அது சாத்தியம்; சேலத்துத் தகரக் கூரையின் கீழ் கோடையில் அந்த நேரம் குறையும், ஆகவே சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும். பாட்டி அதைப் பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ ஊட்டட்டும். பாட்டில் வேண்டாம்: அதன் ரப்பரைச் சுத்தமாக வைப்பது தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள வீட்டில் நடக்காத காரியம்.

போவதற்கு முன் ஒரு முறை, வந்தவுடன் ஒரு முறை, இரவில் எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறை என்று ஊட்டினால் சுரப்பு நிலைக்கும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

படி 8: ஆறாம் மாதமும் பதிவேடும்

ஆறு மாதம் நிறைந்ததும் ராகிக் கூழோ குழைந்த பருப்புச் சாதமோ கெட்டியாகக் கொடுக்கத் தொடங்கலாம், பாலூட்டல் தொடரும். இணை உணவைப் பற்றி அங்கன்வாடியில் விரிவாகச் சொல்வார்கள்.

பதிவேட்டில் தாய்ப்பால் "ஆம், இல்லை" என்று எழுதுவதால் பயன் குறைவு. "நேற்றுக் காலையிலிருந்து இப்போதுவரை குழந்தையின் வாயில் என்னென்ன போயிற்று?" என்று கேட்டு, தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து, மாட்டுப்பால் அனைத்தையும் எழுதுங்கள். முதன்முதலாக வேறொன்று கொடுத்த நாளையும் அதற்கான காரணத்தையும் தாயின் சொற்களிலேயே குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காரணங்களைச் சுகாதார செவிலியருடன் உட்கார்ந்து படியுங்கள். ஒரே தெருவில் பல தாய்மார்கள் தாய்வீட்டிலிருந்து கணவர் வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதை நிறுத்தியிருந்தால், அடுத்த மாதத்தில் எந்த வாரம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.